பல்லும் உடம்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய்க்காக வருகிறவர்களைக் கவனிக்கும் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருக்கிறேன். காலைக் காட்டுங்கள் என்றால் மறுபேச்சு இல்லாமல் காட்டுவார்கள். வாயைத் திறந்து காட்டுங்கள் என்றால் முகம் மாறிவிடும். அங்கே தொடங்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, தெரிந்தவரை பதில் சேர்த்திருக்கிறேன். உங்கள் பல்லையும் உங்கள் மருந்துச் சீட்டையும் நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவானது.

நான் சர்க்கரைக்குத்தானே வந்திருக்கேன், பல்லை எதுக்குப் பார்க்கிறீங்க?

ஈறு நோய் முற்றியவருக்குப் பல்லைச் சுற்றி ஈறு பிரிந்து சிறு சிறு பைகள் உண்டாகியிருக்கும். அந்தப் பைகளின் உட்சுவர் முழுக்கப் புண். வாய் நிறைய இப்படி இருந்தால், எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவு புண் காலில் இருந்தால் நீங்களே பதறி ஓடி வருவீர்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதால் வருடக்கணக்கில் அதோடு வாழ்ந்துவிடுகிறோம். சர்க்கரைக்கும் அந்தப் புண்ணுக்கும் உள்ள உறவு பெரிய விஷயம். கீழே தனிக் கேள்வியாகவே வருகிறது.

பல் தேய்க்கும்போது லேசா ரத்தம் வருது. எல்லாருக்கும் வர்றதுதானே?

பலருக்கு வருகிறது. ஆனால் ஆரோக்கியமான ஈறில், சரியாகத் தேய்த்தால் ரத்தம் வராது. வருகிறதென்றால் அநேகமாக அங்கே அழற்சி இருக்கிறது. பல் ஓரத்தில் படிந்த கிருமிப் படலத்தோடு உடம்பு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது.

இதை மிக எளிமையாக நிரூபித்தவர் ஈறு நோய் ஆய்வாளர் ஹாரால்ட் லோ. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். 10 முதல் 21 நாளுக்குள் பன்னிரண்டு பேருக்குமே ஈறு அழற்சி வந்தது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. எனக்குப் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் இதிலேயே இருக்கின்றன.

ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அங்கேதான் மென்மையாக, தவறாமல் தேய்க்க வேண்டும். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போங்கள். ஈறில் மட்டுமல்லாமல் மூக்கிலும் ரத்தம், உடம்பில் காரணமில்லாத கன்றிப்போன திட்டுகள் என்று சேர்ந்து வந்தால் அது பல் விஷயமாக இல்லாமல் போகலாம். ரத்தப் பரிசோதனை உடனே தேவை.

படலம், காரைன்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

படலம் மெத்தென்று இருக்கும், பிரஷ்ஷால் போய்விடும். அதைப் போகவிடாமல் வைத்திருந்தால் எச்சிலில் உள்ள கால்சியம் அதில் சேர்ந்து கெட்டியாகும். அதுதான் காரை. காரையை எந்தப் பேஸ்ட்டும் கரைக்காது, கருவி வைத்து எடுத்தால்தான் உண்டு.

கிளீன் பண்ணினா பல் ஆடும், சந்து விழும்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க.

காரை பல் சந்துகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்குப் பின்னால் ஈறு கீழிறங்கி, எலும்பு கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த சந்து கண்ணுக்குத் தெரிகிறது. பல் ஆடுவதும் அப்படித்தான்: எலும்பின் பிடிப்பு போன பல்லைக் காரை பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிறுத்திவைத்திருக்கிறது. சுத்தம் செய்ததால் வந்த சேதம் அல்ல, செய்யாமல் விட்டதால் வந்தது. வீக்கம் வடிவதால் சில நாள் கூச்சம் இருக்கும், அது அடங்கிவிடும்.

காலையில ஒரு தடவை நல்லா தேய்ச்சாப் போதாதா?

ஒரு வேளைதான் முடியும் என்று யாராவது அடம்பிடித்தால், அந்த ஒரு வேளை இரவாக இருக்கட்டும் என்பேன். எச்சில்தான் பல்லின் காவல்: அமிலத்தைத் தணிக்கும், கரைந்த தாதுவைத் திருப்பித் தரும். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் எச்சில், தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சாப்பிட்டதின் மிச்சத்தோடு படுத்தால் கிருமிகளுக்கு இரவு முழுக்கத் தடையில்லை.

முறை இதுதான்: மெத்தென்ற பிரஷ், இரண்டு நிமிடம், இழைகள் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாகப் பட வேண்டும். அழுத்தம் வேண்டாம். பல் சந்துக்குள் பிரஷ் போகாது. அதற்கு நூலோ சந்து பிரஷ்ஷோ தேவை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள், ஆனால் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள். பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும்.

ஃப்ளோரைடு விஷம்னு ஒரு வீடியோல பார்த்தேன்.

அளவில்தான் எல்லாம் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த பகுதிகளில் பல்லில் கறைத் திட்டும், அதைவிட அதிகமானால் எலும்புப் பாதிப்பும் வருவது உண்மை. பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம், அதில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) அளவுள்ள ஃப்ளோரைடு, பல்லின் வெளி ஓடான எனாமலின் மேற்பரப்பை அமிலத்துக்கு எளிதில் கரையாததாக மாற்றுகிறது. சொத்தையைக் குறைப்பதில் இவ்வளவு உறுதியாக நிறுவப்பட்ட பொருள் வேறு இல்லை. 3 வயதுக்குக் கீழே அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு, பெரியவர் பக்கத்தில் நின்று துப்பவைக்க வேண்டும். இவ்வளவுதான்.

இனிப்பு நான் தொடறதே இல்லை. அப்புறம் எப்படி சொத்தை?

இனிப்பு என்பது நாக்கு சொல்லும் கணக்கு. கிருமிகளுக்கு மாவுப் பண்டமும், பழச்சாறும், சர்க்கரை கலந்த இருமல் மருந்தும் தீனிதான். தீனி கிடைத்ததும் அவை அமிலம் விடும். வாயின் பிஹெச் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதை மீட்டெடுக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதனால் மொத்தம் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதைவிட எத்தனை முறை வாய் அசைந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒரு தம்ளர் இனிப்புப் பானத்தை ஒரே மூச்சில் குடிப்பவரைவிட, அதையே பக்கத்தில் வைத்து மதியம் வரை உறிஞ்சுகிறவரின் பல்தான் அதிகம் கெடும்.

இது தெரியவந்த கதையை எழுதும்போது மனசு கனக்கிறது. 1940-களில் ஸ்வீடனின் விப்பெஹோல்ம் மருத்துவமனையில், அறிவுத்திறன் குறைபாடுள்ள நோயாளிகளுக்கு அவர்களின் சம்மதம் இல்லாமலே ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பல் எப்படிக் கெடுகிறது என்று பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் இனிப்பு தின்றவர்களுக்கே சொத்தை மிக மோசமாக வந்தது. அந்த அறிவு இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதற்கு விலை கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பால் பல் எப்படியும் விழுந்துடும். அதுக்குப் போய் வைத்தியம் பண்ணணுமா?

பண்ண வேண்டும். பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. அடுத்த பல்லுக்கு இடம் பிடித்துவைத்திருப்பவை. வலியோடு இருக்கும் குழந்தை சரியாகச் சாப்பிடாது, தூங்காது. இன்னொன்று: 6 வயதில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். அதையும் பால் பல் என்று நினைத்துக் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம்.

சர்க்கரை இருக்கிறதால ஈறு கெட்டுச்சா, ஈறு கெட்டதால சர்க்கரை ஏறுதா?

இரண்டும். நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதாகின்றன, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன, புண் ஆறத் தாமதமாகிறது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் நடப்பதே ஈறிலும் நடக்கிறது. எதிர்த்திசையில், முதல் கேள்வியில் சொன்ன அந்தப் புண்ணிலிருந்து அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கின்றன. அவை இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்கின்றன. மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை இறங்காத சிலருக்கு, யாரும் பார்க்காத ஈறும் ஒரு காரணமாக இருக்கும்.

ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று, நான்கு மாதத்தில் கடந்த சில மாதச் சர்க்கரையின் நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டின் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் அறிக்கை சொல்கிறது. சின்ன எண்ணாகத் தெரியலாம். இன்னொரு மாத்திரை சேர்த்தாலும் சிலருக்கு இவ்வளவுதான் குறைகிறது. அதற்காகச் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டு ஈறு வைத்தியம் மட்டும் போதும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது கூடுதல் உதவி, மாற்று அல்ல. பல் மருத்துவரிடம் போகும் நாளில் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்து எடுத்து, காலை நேரத்தில் போனால் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்து குறைவு.

பல்லைக் கவனிக்கலைன்னா ஹார்ட் அட்டாக் வரும்னு படிச்சேன். நிஜமா?

இங்கே நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாகக் காணப்படுகின்றன என்பது உறுதி. ஆனால் புகைபிடித்தல், சர்க்கரை, வறுமை ஆகிய பொதுக் காரணங்கள் இரண்டுக்கும் பின்னால் இருக்கின்றன. அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையிலும் தொடர்பு இருக்கிறது, ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை என்றே சொன்னது. பல் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள்.

நேரடியான தொடர்பு வேறொன்றில் இருக்கிறது. வாயிலிருந்து ரத்தத்தில் புகும் கிருமி, பழுதான அல்லது செயற்கையான இதய வால்வில் போய் ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தான தொற்றை உண்டாக்கலாம். செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பே இப்படித் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் பல் பிடுங்குவது போன்ற சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். மற்ற இதய நோயாளிகளுக்கு அது தேவையில்லை என்று 2007-லேயே அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல் மாறிவிட்டது. தினசரி மெல்லும்போதும் தேய்க்கும்போதும் கிருமி ரத்தத்தில் புகத்தான் செய்கிறது. எப்போதோ ஒரு நாள் விழுங்கும் மாத்திரையைவிட எப்போதும் ஆரோக்கியமான ஈறுதான் பெரிய காப்பு என்பதே காரணம்.

பயமும் தீங்கு செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1910-ல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வாய்க் கிருமிதான் உடம்பின் பல நோய்களுக்கு வேர் என்று பேசினார். அந்தக் கருத்து பரவி, மூட்டு வலிக்கும் மனநோய்க்கும்கூட மக்களின் நல்ல பற்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார்கள். நோய் போகவில்லை, பல் போனது. உள்கூழை எடுத்து அடைக்கும் ரூட் கேனால் செய்த பல் உடம்பெல்லாம் விஷம் பரப்பும் என்று இப்போது சுற்றும் பேச்சும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

ஸ்டென்ட் வெச்சிருக்கு. பல் எடுக்கணும்னா ரத்த மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்திடட்டுமா?

ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் எடுத்த இடத்தில் ரத்தம் வந்தால் பஞ்சு வைத்து, தையல் போட்டு நிறுத்திவிடலாம். இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்தால் அது மாரடைப்பு. பெரும்பாலான பல் சிகிச்சைகளை மாத்திரையை நிறுத்தாமலே செய்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

எலும்பு வலுவுக்கான அலென்ட்ரோனேட், ஸோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவற்றை எடுத்தவர்களும் பல் பிடுங்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாக, எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகிறது. புற்றுநோய்க்காக அதிக அளவில் எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். இந்த மருந்தைத் தொடங்கும் முன்பும், கழுத்துக்கு மேலே கதிர்வீச்சு தொடங்கும் முன்பும் பல் வேலைகளை முடித்துவிடுவது நல்லது. மாத்திரைகளின் பெயர் வாயில் வராவிட்டால் அட்டைகளை அப்படியே பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

எப்பவும் வாய் வறண்டே இருக்கு, வயசானா அப்படித்தானா?

வயதைவிட மருந்துகளே பெரும்பாலும் காரணம். அலர்ஜி மாத்திரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். சர்க்கரை ஏறியிருந்தாலும் வறளும். எச்சில் குறைந்தால் என்ன ஆகும் என்று இரவுத் தேய்ப்புக் கேள்வியில் சொன்னேன். இவர்களுக்குப் பகலும் இரவு மாதிரிதான். மருந்தை மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். ஈறு தடித்து வளர்வதும் சில மருந்துகளால் வரும்: வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபெடிபின்.

நான் சிகரெட் பிடிப்பேன். ஆனா ரத்தமே வராது, அப்ப ஈறு நல்லாத்தானே இருக்கு?

ரத்தம் வராததுதான் எனக்குக் கவலை. புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் வெளியே ஈறு வெளிறி, இறுக்கமாக, ரத்தமில்லாமல் இருக்கும். மேலே சொன்ன எச்சரிக்கை மணி உங்களுக்கு அடிக்காது. கருவி வைத்து ஆழம் அளந்து, எக்ஸ்ரே பார்த்தால்தான் தெரியும்.

மாசமா இருக்கேன். இப்ப பல்லுக்குப் போனா குழந்தைக்கு ஆகாதுங்கறாங்களே?

போகலாம். ஹார்மோன் மாற்றத்தால் கர்ப்ப காலத்தில் ஈறு சீக்கிரம் வீங்கும், ரத்தம் வரும். சுத்தம் செய்வது இன்னும் அவசியம். நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வசதியான காலம். ஆனால் வலியோ சீழோ இருந்தால் மாதக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஈறு சிகிச்சையால் குறைப்பிரசவம் தடுக்கப்படுமா என்று பெரிய சோதனைகள் செய்தார்கள். அப்படித் தடுக்கப்படுவதாகத் தெரியவில்லை, சிகிச்சையால் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் இல்லை என்பது தெளிவானது. வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள். வாயைக் கொப்பளித்து அரை மணி நேரம் விடுங்கள், அமிலம் பட்ட எனாமல் இளகியிருக்கும்.

மேல் பல்லை எடுத்தா கண் பார்வை போயிடுமா?

போகாது. பார்வைக்கான நரம்பு கண்ணிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. மேல் பல்லின் உணர்வு நரம்பு வேறு. எடுக்க வேண்டிய சீழ்ப் பல்லை எடுக்காமல் வைத்திருப்பதுதான், மிக அரிதாக, தொற்று கண்ணைச் சுற்றிப் பரவக் காரணமாகிறது.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், வலி போயிடுச்சு. விட்டுடலாமா?

கூடாது. கிருமி பல்லுக்குள் இருக்கும் செத்துப்போன கூழில் இருக்கிறது. அங்கே ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போய்ச் சேராது. சுற்றி இருந்த வீக்கம் மட்டும் அடங்கியிருக்கிறது. ரூட் கேனால் செய்ய வேண்டும், இல்லையேல் பல்லை எடுக்க வேண்டும். மருந்தே இல்லாமல் கடும் வலி தானாக நின்றுபோனாலும் அதே கதைதான்: நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம்.

படுக்கையில இருக்கிற அம்மாவுக்குப் பல் தேய்க்கணுமா? அவங்க வாயால சாப்பிடறதே இல்லையே.

குழாய் வழியே உணவு போகும் வாயில்தான் கிருமி அதிகம் மண்டும், ஏனென்றால் மெல்லுதல் இல்லை, எச்சிலும் குறைவு. விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு கிருமி மண்டிய அந்த எச்சில் மூச்சுக் குழாய்க்குள் இறங்கி நிமோனியா ஆகிறது. முதியோர் இல்லங்களில் தினமும் வாய் சுத்தம் செய்தபோது நிமோனியா குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் உங்களால் செய்ய முடிந்த காரியங்களில் இதற்கு முதலிடம் கொடுங்கள்.

தலையை உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, குழந்தைகளின் சின்ன பிரஷ்ஷில் மிகக் கொஞ்சம் பேஸ்ட். தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பல், நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம். உதட்டில் ஏதாவது தடவிவிடுங்கள், வெடிக்காமல் இருக்கும். முதல் நாள் வாயை மூடிக்கொள்வார்கள். தோளைத் தொட்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பல் வலின்னு போனா இதயத்தைப் பார்க்கச் சொல்றாங்க. குழப்பமா இருக்கு.

மாரடைப்பு வலி சிலருக்குக் கீழ்த் தாடையில் மட்டும் வரும். நடந்தால் கூடி, உட்கார்ந்தால் குறையும் தாடை வலி, கூடவே வியர்வை, மூச்சிரைப்பு இருந்தால் பல் மருத்துவரைத் தேட வேண்டாம், அவசர சிகிச்சைக்குப் போங்கள். மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் சேர்ந்து வலித்து, குனிந்தால் கூடினால் சைனஸாக இருக்கலாம்.

எந்த நிலைமையில ராத்திரின்னாலும் ஓடணும்?

தாடைக்குக் கீழே இருபுறமும் கெட்டியான வீக்கம், நாக்கு மேலே தூக்கிக்கொள்வது, எச்சிலை விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, மூச்சுத் திணறல், கண் வரை வீக்கம், காய்ச்சலோடு தளர்ச்சி. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. கழுத்தில் பரவும் பல் தொற்று சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைத்துவிடும்.

எனக்கு ஒரு பல்லும் இல்லை, செட்டுதான். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. செட்டை இரவில் கழற்றித் துலக்கித் தண்ணீரில் போட்டுவையுங்கள். போட்டபடியே தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சை பிடிக்கும். 85 வயதைக் கடந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஜப்பானிய ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. ஈறையும் நாக்கையும் மெல்லிய துணியாலோ பிரஷ்ஷாலோ தினமும் துடையுங்கள். செட் தளர்ந்துபோனால் ஒட்டுப் பசையை அப்பிச் சமாளிக்காமல் சரிசெய்துகொள்ளுங்கள். சரியாக மெல்ல முடியாதவர்கள் மெத்தென்ற மாவுப் பண்டங்களாகவே சாப்பிட்டுச் சர்க்கரையை ஏற்றிக்கொள்வதை வாரா வாரம் பார்க்கிறேன்.

வருடத்துக்கு ஒரு முறை வாயைக் காட்டுங்கள். செட் உரசி வந்த புண் என்று நினைத்தது இரண்டு வாரம் கடந்தும் ஆறாவிட்டால், வலி இல்லையென்றாலும், வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தாலும், அடுத்த வருடம் வரை வைத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை.